குகைக்கு 30 கேபி, வயலினுக்கு மிச்சம்

கென் குட்டராகி, சோனியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த இன்ஜினீயர். எண்பதுகளில் தன் மகள் நிண்டெண்டோவின் ஃபேமிகாமில் விளையாடுவதைப் பார்க்கிறார். சாதாரண அப்பாவாக இருந்தால் 'அதை அணைச்சிட்டுப் போய்ப் படி' என்றிருப்பார். இவரோ நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலுக்கு ஒலிச் சிப் செய்து தருகிறேன் என்று கிளம்பிவிட்டார். அதுவும் சோனி மேலிடத்துக்குத் தெரியாமல்!

விஷயம் வெளியே வந்ததும் பெரிய தலைகள் குதித்தன. வாக்மேன் செய்த கம்பெனி, போயும் போயும் விளையாட்டுச் சாமானுக்குச் சத்தம் செய்வதா? குட்டராகியின் சீட்டு கிழியவேண்டிய நேரத்தில் காப்பாற்றியவர் நோரியோ ஓகா, சோனியின் தலைவர். இந்த ஓகா யார் என்கிறீர்கள்? பெர்லின் வரை போய்ப் படித்த ஆப்பரா பாடகர்! மாணவராக இருந்த காலத்தில் இதே கம்பெனியின் டேப் ரெக்கார்டரை நொள்ளை, நொட்டை என்று குறை சொல்ல, அவர்கள் ஆளையே வளைத்துப் போட்டுவிட்டார்கள். இந்த வழி இன்றும் திறந்திருந்தால், யூடியூபில் கமெண்ட் போடுகிறவர்கள் எல்லாரும் இந்நேரம் சேர்மன்!

1990 நவம்பரில் அந்த அடுத்த கன்சோல், சூப்பர் ஃபேமிகாம், வந்தது. குட்டராகியின் சிப்பில் எட்டே குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் எட்டு ஒலிகள்தான். மெமரி 64 கேபி. காலையில் உங்கள் வாட்ஸ்ஆப்புக்கு வரும் ரோஜாப்பூ குட்மார்னிங் பெரும்பாலும் இதைவிடக் கனமாக இருக்கும். டிரம், வயலின், புல்லாங்குழல், மாரியோ குதிக்கும் சத்தம், இதையெல்லாம் இயக்கும் புரோகிராம், எல்லாம் இதற்குள்தான். சரியான ஒண்டுக்குடித்தனம். அதில் போய் மனிதர் ஒரு எக்கோவையும் குடிவைத்தார் பாருங்கள்!

இந்த எக்கோ சாதாரண விருந்தாளி இல்லை. 16 மில்லி செகண்டுக்கு 2 கேபி வீதம் இடத்தைப் பிடிக்கும். முழு அளவான 240 மில்லி செகண்டுக்கு இழுத்தால் 30 கேபி காலி. வீட்டில் கிட்டத்தட்ட பாதி! இசையமைப்பாளர் 'குகை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டுமே' என்று ஆசைப்பட்டால், வயலின் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். புரோகிராமர் முகவரியைத் தப்பாகக் கொடுத்துவிட்டாலோ, எக்கோ நேராகப் போய் டிரம்மின் மேலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடும். பிறகு கேட்பது இசை அல்ல, கரகரப்பு.

எட்டுக் குரலுக்கும் சேர்த்து ஒரே ஒரு எக்கோ. யார் யார் அதில் கலந்துகொள்ளலாம் என்று மட்டும் சொல்லலாம். 'எனக்குச் சின்ன குகை, அவனுக்குப் பெரிய குகை' என்ற பேச்செல்லாம் நடக்காது. எதிரொலி ஒவ்வொரு சுற்றும் ஒரு ஃபில்டரைத் தாண்டித்தான் திரும்பி வரும். பெரும்பாலும் அது கூர்மையைச் சீவித் தள்ளும்படிதான் வைத்திருப்பார்கள். எனவே ஒவ்வொரு முறையும் சத்தம் இன்னும் கொஞ்சம் மங்கும். உலகமே இன்று 'ஆகா, என்ன கனவு போன்ற மென்மை' என்று உருகுவது இந்த மங்கலைப் பார்த்துத்தான்.

குட்டராகி கதைக்கு வருவோம். 1991இல் சிகாகோ கண்காட்சியில், நிண்டெண்டோவுடன் சேர்ந்து சிடி கன்சோல் செய்யப்போகிறோம் என்று சோனி தண்டோரா போட்டது. மறுநாளே நிண்டெண்டோ அதே ஊரில் பிலிப்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறியது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை மாறிவிட்டார்! ரோஷம் வந்த சோனி 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனை இறக்கியது. இப்போது ஒலிக்கு மட்டும் 512 கேபி, 24 குரல்கள், ரூம், ஸ்டூடியோ, ஹால் என்று பெயர் போட்ட நிஜமான ரிவெர்ப். ஒலி முழுக்க 44,100 ஹெர்ட்ஸில் ஜம்மென்று ஓட, ரிவெர்ப் மட்டும் 22,050இல் ஓடியது. ஊரே மெச்சும் ஹால், ஆனால் பாதி வேகம்தான்!

இனி நம் காலத்துக்கு வாருங்கள். 64 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர், அதாவது அந்தச் சூப்பர் ஃபேமிகாம் சிப்பைப்போல் பத்து லட்சம் மடங்குக்கு மேல். அதன் முன்னால் ஒரு மியூசிக் புரொட்யூசர் கவலையோடு உட்கார்ந்திருக்கிறார். என்ன கவலை? ஒலி ரொம்ப நன்றாக இருக்கிறதாம்! அந்தப் பழைய சிப்பின் மங்கல்தான் வேண்டுமாம். ஒரிஜினல் கதீட்ரலில் பதிவு செய்த ரிவெர்ப் கையிலிருக்க, அதை ஒதுக்கிவிட்டு டிலே பிளகினைத் திறக்கிறார். நேரத்தை 16 மில்லி செகண்டின் மடங்கில் வைக்கிறார். ஃபீட்பேக் சுற்றுக்குள் ஒரு லோ-பாஸ் ஃபில்டரைச் செருகுகிறார். மொத்தத்தையும் 32,000 ஹெர்ட்ஸுக்கு இறக்குகிறார். அப்படியும் அந்த வாசனை வரவில்லை. ஏன் வரும்? எக்கோவுக்குள் போகும் வயலின் இன்னும் பளபளவென்று இருக்கிறதே. அந்தக் காலத்தில் 16 சாம்பிளை 9 பைட்டுக்குள் அமுக்கி, பிதுக்கித்தான் உள்ளே அனுப்பினார்கள். ஆகவே வயலினையும் முதலில் கெடுக்கவேண்டும். அதற்கும் பிளகின் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்!

இதில் உச்சம், டேவிட் வைஸ். 1994இல் அதே சூப்பர் ஃபேமிகாமில் 'டாங்கி காங் கன்ட்ரி' என்ற விளையாட்டுக்கு இசையமைத்த பிரிட்டிஷ்காரர். அவருக்குக் கார்க் வேவ்ஸ்டேஷன் என்ற சிந்தசைசரின் மேல் மோகம். அந்தப் பெட்டியின் மிதக்கும் ஒலியை இந்த 64 கேபிக்குள் எப்படியாவது கொண்டுவர, துணுக்குத் துணுக்காக அலைவடிவங்களை ஒட்டித் தண்ணீருக்கடியில் ஒரு இசை செய்தார். இன்று அதே வேவ்ஸ்டேஷன் சாஃப்ட்வேராகவே கிடைக்கிறது. அதை வாங்கி வைத்திருப்பவரும் தேடுவது வைஸின் நிண்டெண்டோ ஒலியை!

தீவிர பக்தர்கள் இன்னும் ஒரு படி மேல். பிளகினே பாவம் என்கிறார்கள். நிஜச் சிப்பில் ஓடும் ஃபைலாகவே பாட்டை எழுதுகிறார்கள், 64 கேபி வரம்போடு. பெட்டி முழுக்க ராம் சும்மா கிடக்க, ராத்திரி ஒரு மணிக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்: குகையைச் சின்னதாக்குவதா, வயலினை அனுப்பிவிடுவதா?