ஒரு கல்லு போதுமே சார்!

"ஜாக்கியா? எதுக்கு சார் தண்டச் செலவு? ஒரு கல்லு வெச்சுக்குங்க, போதும்."

இதைச் சொன்னவர் டீக்கடையில் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் அல்ல, ஜாக்கி விற்கிறவர். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்து, போர்டில் சிவப்பு எழுத்தில் 'ஜாக்கி' என்று எழுதியும் வைத்திருக்கிறவர். வாங்க வந்த ஆளைக் கல் பொறுக்கச் சொல்லி அனுப்பும் வியாபாரி ஓசூரில்தான் கிடைப்பார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்கிவிட்டால் எழுத வராது என்பதால் இதை எழுதுபவர் அவசரமாகப் பேனாவைத் திறந்திருக்கிறார். டேங்கருக்கு எந்த ஜாக்கி நல்லது என்பதைக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுவார். நம்பலாம்.

டேங்கர் அவருடைய மைத்துனருடையது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகும் ஓசூரின் புதுப்புது லேஅவுட்டுகளில் தண்ணீர் டேங்கர் தொழில் படுத்துவிடவில்லை. டிராக்டருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் இரண்டு சக்கர வண்டி அது. டிராக்டரைக் கழற்றிவிட்டால் டேங்கரின் டிராபார் மண்ணில் மூக்கைக் குத்திக்கொள்ளும். குத்தாமல் தாங்குவதற்கு முன்னால் ஒரு கால் உண்டு; அதுதான் ஜாக்கி. கைப்பிடியைச் சுற்றினால் நீளும், சுருங்கும். அந்தக் காலைச் சுருக்காமலே வண்டியைக் கிளப்பிய டிரைவர், வெள்ளைக் கோடு போடாத ஒரு வேகத்தடையில் அதைக் காவு கொடுத்தார். அன்றிலிருந்து அந்த இடத்தில் கல்.

"மாமா, நீங்க குவாலிட்டியில இருந்தவரு. நல்லதா ஒண்ணு பார்த்துக் குடுங்க" என்றார் மைத்துனர்.

சிப்காட்டில் பணிக்காலம் முழுக்க மைக்ரோமீட்டரும் கையுமாக இருந்த ஒருவரிடம் இப்படிக் கேட்கக் கூடாது. அவர் முதலில் காகிதத்தை எடுத்தார். 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டுமே 5 டன். வீட்டு வண்டியைக் காருக்குப் பின்னால் கட்டி ஊர் சுற்றும் அமெரிக்கர்கள், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் இறங்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி பார்த்தால் அரை டன்னிலிருந்து முக்கால் டன் வரை; இரும்பின் பாரம் தனி. சரி, ஒரு டன் தாங்கும் கால் வேண்டும். ஆனால் வண்டி பின்பக்கம் சரிவான இடத்தில் நின்றால் அரைகுறையாக நிரம்பிய தண்ணீர் பின்னால் போய்விடும். அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் டிராபார் வானத்தைப் பார்க்கும். அப்போது முட்டுக் கொடுக்க ஜாக்கி உதவாது, பிடித்துத் தொங்க ஆள்தான் வேண்டும். இந்தப் பகுதியை மைத்துனர் காதில் வாங்கவில்லை. அவருக்கு அதற்குள் ஒரு போன் வந்துவிட்டது.

அடுத்தது எந்த வகை என்ற ஆராய்ச்சி. லாரிக்காரர்களின் பாட்டில் ஜாக்கி, பாஸ்கல் சொன்ன விதிப்படி, எண்ணெயின் அழுத்தத்தால் மலையையே தூக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டால் எண்ணெய் கசியும். இரவு தூக்கி வைத்தது காலையில் அரையடி இறங்கியிருக்கும். மரை ஜாக்கியில் அந்தப் பயம் இல்லை. மரையின் சரிவு குறைவு, உராய்வு அதிகம். கையை எடுத்தாலும் பாரம் தானாகக் கீழிறங்காது. அதிலும் இரண்டு வகை. கைப்பிடியை மேலே வைத்துச் சுற்றுவது ஒன்று. பல்சக்கரம் போட்டுப் பக்கவாட்டில் சுற்றுவது இன்னொன்று. டேங்கரின் வயிறு முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் மேலே சுற்றும் வகையில் விரல் முட்டி பெயரும்.

டெக்சாஸ்காரர் ஒருவர் அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசிய வீடியோவில் மின்சார ஜாக்கியும் வந்தது. பொத்தானை அழுத்தினால் தூக்கும், இருட்டில் விளக்கும் எரியும். தாங்கும் சக்தி 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். டேங்கரில் பேட்டரி ஏது? டிராக்டரிலிருந்து ஒயர் இழுக்கலாம் என்றால், நாளைக்கு வேறு டிராக்டர் வந்து மாட்டினால் என்ன செய்வது? டெக்சாஸ்காரருக்கு இந்தக் கவலை இல்லை.

ஓசூர் கைவிரித்ததும் பெங்களூரு. நாற்பது கிலோமீட்டர்தான், அத்திப்பள்ளியில் ஊர்ந்த நேரத்தையும் சேர்த்தால் கணக்கு வேறு. ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் கேட்டார், "யாவ காடி? யாவ மாடலு?"

மாடலா! இந்தப் பக்கத்து டேங்கர்களில் பாதி, ஏதோ ஒரு வெல்டிங் பட்டறையில், வெல்டரின் அன்றைய மனநிலைப்படி பிறந்தவை. மோட்டார் வாகனச் சட்டம் 1988 டிரெய்லருக்குத் தனி வரையறை கொடுத்திருக்கிறது; ஆனால் ஜாக்கி மாட்டும் போல்ட்டுக்கு எத்தனை ஓட்டை, எவ்வளவு இடைவெளி என்பதைப் பட்டறைதான் முடிவு செய்திருக்கிறது. "அளவு கொண்டு வாங்க" என்றார் கடைக்காரர். குவாலிட்டிக்காரரிடம் அளவு இருந்தது, அதுவும் வெர்னியரில் எடுத்தது. அந்த அளவுக்கு உலகத்தில் ஜாக்கி இல்லை.

மறுபடியும் கல்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கல்லுக்கு வராது. 'பாரடைசோ' என்று இத்தாலியப் பெயர் சூட்டிக் கப்பலேற்றும் கிரானைட் இந்தப் பக்கத்து மண்ணிலிருந்துதான் போகிறது. எங்கோ ஒரு சீமைச் சமையலறையில் அதன்மேல் காப்பிக் கோப்பை வைக்கவே யோசிப்பார்கள். அதன் உடைந்த மூலை இங்கே டேங்கருக்கு அடியில் சேறு பூசிக் கிடக்கிறது. மல்லச்சந்திரத்துக்குப் போய்ப் பாருங்கள். பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள், செங்குத்தாக நட்ட பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். நட்டவர்களிடம் ஜாக்கி இருந்ததாக எந்தத் தொல்லியல் அறிஞரும் சொல்லவில்லை. சிலவற்றில் மூடுகல் இன்னும் விழவில்லை. பிற்காலத்தில் வீரன் செத்தால் நடுகல். அந்த நடுகற்களைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கல்லை நிமிர்த்தி வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்ற நம்பிக்கை இந்த மண்ணில் நேற்று வந்ததல்ல.

கைப்பிரேக் பிடிக்காத ஷேர் ஆட்டோவுக்குக் கல். காற்றில் பறக்கும் தகரக் கூரைக்குக் கல். டிரம் மூடிக்குக் கல். வீட்டுக்கு முன்னால் அடுத்தவன் கார் நிறுத்தாமலிருக்க இரண்டு கல், அவற்றில் சுண்ணாம்பு அடித்தால் கூடுதல் கௌரவம். ஒரு மாலை அவர் தொழில் புத்தி தாங்காமல் ஜாக்கிக்கும் கல்லுக்கும் ஒப்பீட்டு அட்டவணையே போட்டார். விலை: கல்லுக்கு இல்லை. தாங்கும் திறன்: கல்லுக்கு எல்லையில்லை. துரு: இல்லை. கிரீஸ்: தேவையில்லை. ஜிஎஸ்டி: இல்லை. ஜாக்கியைத் திருடுவார்கள்; கல்லைத் திருட மாட்டார்கள், திருடினாலும் பக்கத்திலேயே இன்னொன்று கிடக்கும். கல் தோற்ற இடம் ஒன்றுதான்: உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. அட்டவணையை எட்டிப் பார்த்த மைத்துனர் சொன்னார், "அதுக்குத்தான் மாமா ரெண்டாவது கல்லு."

குவாலிட்டிக்காரருக்குக் கோபம் வந்தது அப்போதுதான். மேடையில் பேசும்போது இந்த ஊரை எப்படிப் புகழ்கிறோம்! அசோக் லேலண்ட் லாரி செய்கிற ஊர், டிவிஎஸ் பைக் செய்கிற ஊர். 1.15 மில்லிமீட்டர் கனத்தில் கடிகார இயந்திரம் செய்து, 2002இல் எட்ஜ் என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்ட டைட்டனின் ஊர். பகல் ஷிஃப்ட் முழுக்க மைக்ரான் கணக்கில் பாகங்களை நிராகரித்துத் தள்ளும் அதே ஆள், ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் காலால் உருட்டிப் பார்த்து, "இந்தக் கல்லு நிக்கும்" என்று சான்றிதழ் கொடுக்கிறார். இதை எழுதுபவரின் வீட்டம்மாவின் தரப்பு வேறு: "ஜாக்கி தேடிப் போன பெட்ரோல் காசுக்கு ரெண்டு ஜாக்கி வாங்கியிருக்கலாம்." இதை அவர் அட்டவணையில் சேர்க்கவில்லை.

கல் வைப்பதைக்கூட விட்டுவிடலாம். எடுக்காமல் போகிறார்களே, அதற்கு என்ன சொல்வது? மேலுமலை ஏற்றத்தில் பாரலாரி மூச்சு வாங்கி நிற்கிறது. கிளீனர் இறங்குகிறார், டயருக்குப் பின்னால் ஒரு கல், வண்டியைச் சுற்றி அடையாளத்துக்கு நாலைந்து கல். ரிப்பேர் முடிந்ததும் வண்டி ஜம்மென்று கிளம்பிப் போய்விடுகிறது. கற்கள் அங்கேயே, தேசிய நெடுஞ்சாலை 44இன் நடுவில். இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வருகிற பையனுக்கு, எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சத்தில் கறுப்புத் தார்மேல் கறுப்புக் கல் தெரியுமா? கார் வாங்கும்போது கொடுக்கிற சிவப்பு முக்கோணமோ டிக்கிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது.

ஜாக்கி விஷயத்துக்கு இனி இடமில்லை. ஆசிரியர் அனுமதித்தால் அடுத்த இதழில் பார்க்கலாம். அதுவரை கல்லே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் கீழே இறங்கி, அதைத் தூக்கிச் சாலைக்கு வெளியே போட்டுவிட்டுக் கிளம்புங்கள் ஐயா.