நாயகிக்கு எத்தனை வித்தை தெரியலாம்?

கேள்வி (வாலாஜாபாத் வாசகி): விஞ்ஞானக் கதை நாயகி விமானம் ஓட்டுகிறாள், முக்குளிக்கிறாள், டாக்டர் பட்டமும் வைத்திருக்கிறாள். காதில் பூ சுற்றுகிறார்களா?

பதில்: நிஜத்திலேயே உண்டு. விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா 1988-இல் கொலராடோவில் விண்வெளிப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கடல் விமானம், கிளைடர் ஓட்டும் உரிமங்களும் அவரிடம் இருந்தன. போதாததற்கு, மற்றவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் உரிமமும்! இன்னொரு விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் கடற்படை ஹெலிகாப்டர் விமானியாக இருந்தவர், முக்குளிக்கவும் பயிற்சி பெற்றவர். 2007-இல் விண்வெளி நிலையத்தில், மிதந்துபோகாமல் வார்களால் உடம்பை டிரெட்மில்லோடு பிணைத்துக்கொண்டு, பாஸ்டன் மாரத்தானை நாலரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார்.

ஆனால் எழுத்தாளர் சுஜாதா உஷார் பேர்வழி. ‘என் இனிய இயந்திரா’ என்ற விஞ்ஞானக் கதையில் நாயகி நிலாவைச் சாதாரணப் பெண்ணாக விட்டுவிட்டு, சாமர்த்தியத்தையெல்லாம் ஜீனோ என்ற இயந்திர நாயிடம் கொடுத்துவிட்டார். நாய் பேசியதை வாசகர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.