செக்கிங் மாமா

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் கைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு வயிற்றுக்குள் போய், இனி ஒரு சினிமா பார்த்தால்தான் வாரம் பூர்த்தியாகும் என்று வீட்டுச் சிறுசுகள் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றுகிற அந்தச் சுப வேளையில், வீதிக்கு ஒருவர், கூப்பிட்டும் கூப்பிடாமலும், "என்ன படமுங்க? பசங்க பாக்கறாப்பல இருக்குமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே நடையேறி வருவதைக் காணலாம். இதற்கென்றே 1952-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு வாரியம் இருப்பதும், அது படத்தைப் பார்த்து அத்தாட்சிப் பத்திரம் வழங்கியிருப்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் கம்பெனியில் ஒரு தரம் செக்கிங் ஆன சரக்கை மறுபடி பார்க்காமல் பெட்டியில் அடைப்பவன் உருப்பட்டதில்லை என்பது அவரது வாழ்நாள் சித்தாந்தம்.

எங்கள் வீதியில் இந்தக் கௌரவ உத்தியோகத்தை வகித்து வருகிறவரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் செக்கிங் மாமா என்றே அழைக்கிறோம். முப்பது வருஷ காலம் பனியன் கம்பெனிகளில், உடுப்பைத் தோளிரண்டும் பிடித்துத் தூக்கி, டியூப் லைட்டுக்கு எதிரே நீட்டி, முன்னும் பின்னும் உள்ளும் புறமும் திருப்பி, பிசிறு, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் ஆகிய சகல தோஷங்களையும் கண்டுபிடித்து, கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒட்டிப் பழகிய கண்கள் அவருடையவை. கல்யாணப் பந்தியில் இலை போட்டால்கூட அதை ஒரு தரம் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சோறு வாங்குவார்.

சினிமாவை அவர் பரிசோதிக்கும் முறை பாமரர்கள் நினைப்பது போல மனம்போன போக்கில் நடப்பதன்று. வெளிநாட்டுப் பையருக்காக இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் கையில் ஓர் அட்டவணை உண்டு. இரண்டாயிரம் பீஸ் ஆர்டரென்றால் 125 பீஸ் உருவிப் பார்ப்பார். பெரிய பழுது ஏழு வரை பொறுத்தருளுவார். எட்டாவது தென்பட்டால் சரக்கு அத்தனையும் திரும்பிவிடும். மாமாவுக்கு வேதம் அதுதான். படத்தில் வசவு ஒன்று, சாராயப் பாட்டில் ஒன்று, வேண்டாத இடுப்பாட்டம் ஒன்று என்று அவர் விரல் மடக்க மடக்க, ஒன்பதாம் வகுப்பு வாசிக்கும் அவருடைய பேத்தி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழிப்பாள். ஏழு கோட்டுக்குள் படம் முடிந்தால் பாஸ். எட்டாவது கோடு விழுந்த மாத்திரத்தில், கதாநாயகி விஷம் குடிக்கும் தறுவாயில் இருந்தாலும், டி.வி. அணைந்துவிடும், அவள் பிழைத்தாளா இல்லையா என்பதைக் குழந்தைகள் பக்கத்து வீட்டில்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ஐரோப்பாவுக்குப் போகிற குழந்தை உடுப்புகளில், ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது என்றால், தொப்பியிலும் கழுத்திலும் இழுகயிறு கூடாது என்று விதி இருக்கிறது. எங்கேனும் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பது காரணம். ஏழிலிருந்து பதினான்கு வரை வேறு கணக்கு. நமது சர்க்காரோ சினிமாத் தணிக்கையில் 1983-இல் ஏற்படுத்திய 'யு/ஏ' என்னும் வகுப்பை 2024-இல்தான் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுவாரியாகப் பிரித்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த மாமா, "சர்க்காருக்கு இப்பத்தானுங்க நம்ம தொழில் புரிஞ்சிருக்குது" என்று அன்றைக்கு டீக்கடையில் நாலு பேருக்குத் தம் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவருக்கு மிகுந்த விசாரம் உண்டாக்குபவை பேய்ப் படங்களோ வெட்டுக் குத்துப் படங்களோ அல்ல. வேலை செய்யும் இடத்தைப் பற்றிய படங்களே. "ஆபீசுங்கறான், கம்பெனிங்கறான், ஒருத்தனாச்சும் ஒரு பீஸ் அடிக்கறானா பாருங்க! மிஷினுக்கு நடுவுல பாட்டுப் பாடுனா மணிக்கு எத்தனை பீஸ் வருமுங்க?" என்பார். காலையில் போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் தொங்கிய முகத்துடன் திரும்பும் அப்பனையும் அம்மாவையும் தினந்தோறும் பார்க்கும் பிள்ளைகள் சினிமாவை நம்பிவிடுவார்கள் என்று எதற்காகப் பயந்தாரோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சரி, உள்ளபடி காட்டினாலாவது சமாதானம் அடைவாரா என்றால் அதுவும் இல்லை. சென்னை ரங்கநாதன் தெருத் துணிக்கடைச் சிப்பந்திகளின் துயரத்தைச் சொன்ன 'அங்காடித் தெரு' 2010-இல் வந்தபோது, கண்களைத் துடைத்துக்கொண்டே அவர் அளித்த தீர்ப்பு இது: "படம் நல்ல படந்தானுங்க. ஆனா அந்தச் சூபர்வைசரைப் பாத்துப்போட்டு நாளைக்கு ஒரு பையனும் வேலைக்கே வரமாட்டானே!"

நிற்க. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் 'மகளிர் மட்டும்' போட்டார்கள். கமல்ஹாசன் தயாரித்து, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கிரேசி மோகன் வசனம் எழுதிய 1994-ஆம் வருஷத்துப் படம். ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில், பெண்களிடம் கையும் கண்ணும் நீட்டுகிற மேலதிகாரியான நாசருக்கு, ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் சேர்ந்து புத்தி புகட்டுகிற கதை. வேலைத்தலத்தில் பெண்களுக்கு நேரும் இத்தகைய தொல்லைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறை வகுத்தது 1997-இல். அதற்கு மூன்று வருஷம் முன்னதாகவே தமிழ் சினிமா இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியாயிற்று. கம்பெனிப் படம் என்றதும் மாமா நாற்காலியை டி.வி.க்கு மிக அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பேத்தி நோட்டை விரித்தாள். நானும் ஒரு தட்டு நிலக்கடலையுடன் அமர்ந்தேன்.

கோடுகள் மளமளவென்று விழுந்தன. ஆறாவது கோட்டில், நாசரின் நடத்தை ஒரு கட்டத்தைத் தாண்டவே, மாமா எட்டாவதற்குக் காத்திராமல் டி.வி.யை அணைத்துவிட்டார்.

"இதென்னுங்க அப்புச்சி! இன்னும் ஆறுதானே ஆச்சு?"

"இது சாதாப் பழுது இல்ல கண்ணு. ஊசி முனை மாதிரி. ஒண்ணு இருந்தாலும் ரிஜெக்ட்."

ஊசி ஒடிந்தால் அதன் துண்டுகள் அத்தனையும் பொறுக்கி ரிஜிஸ்தரில் ஒட்டியாக வேண்டும் என்பதும், ஒரு முனை குறைந்தாலும் மேற்கொண்டு ஒரு தையல் ஓடக்கூடாது என்பதும் அந்த வீட்டில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த சாஸ்திரம்.

"முனை காணாமப் போச்சுன்னா லைட்டைப் போட்டுத் தேடோணும்னுதானே நீங்க சொல்லுவீங்க? நீங்க லைட்டையே அமத்திப்போட்டீங்களே?"

மாமா பதில் தேடிக் கூரையைப் பார்த்தார். அச்சமயம், அடுக்களை வாசலில் டீத் தம்ளர்களோடு நின்றிருந்த அத்தை, யாரையும் பாராமல், தம்ளர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் கைமடிக்குப் போனப்ப எனக்குப் பதினாலு வயசு. கம்பெனிக் கேட்டுல எவனாச்சும் பதினாறுக்கு மேலன்னு எழுதி வெச்சிருந்தானா?"

முப்பது வருஷம் பிறர் தைத்ததில் குறை கண்ட மனிதர், தம் மனையாள் கைமடியாக, அதாவது தையல்காரருக்குக் கையாளாக, இருந்த கம்பெனிகளில் ஒன்றை அவள் ஏன் திடீரென்று விட்டு நின்றாள் என்பதை ஒருநாளும் கேட்டறிந்ததில்லை போலும். அன்றும் கேட்கவில்லை. ரிமோட்டை எடுத்துப் பேத்தியின் மடியில் வைத்துவிட்டு, நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி, பக்கத்தில் அத்தைக்கும் ஒரு நாற்காலி போட்டார்.

பிணமாக வரும் நாகேஷ் வாயே திறவாமல் கிடந்து அடிக்கிற கூத்தில் மாமா கண்ணீர் வரச் சிரித்தார். அத்தை அதற்கும் அதிகமாக, நாசர் அகப்பட்டுக்கொண்ட இடத்தில் சிரித்தாள். நோட்டில் கோடு ஆறோடு நிற்கிறது. ஏழா, எட்டா என்று கேட்டால், "கடலை தின்னுட்டே மறந்து போச்சுங்க" என்கிறாள் அந்தக் குட்டி.