ஓர் உத்தரணி சாம்பார்

மகா கனம் பொருந்திய உணவக நிர்வாகத்தார் திவ்ய சமூகத்துக்கு,

இருபது வருடத்து அடியவன், சாதா தோசைக்காரன், தெண்டனிட்டு எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இங்கு நலம். தாங்கள் நலமாக இருப்பது பில்லைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதால் அதை விசாரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை தங்கள் சன்னதிகளுள் ஒன்றில் இரண்டு இட்லியும் ஒரு தோசையும் சொன்னேன். கூடவே எவர்சில்வர் கிண்ணத்தில் சாம்பார் எழுந்தருளியது. அதைக் கண்டதும் என் வலது கை தானாகக் குழிந்து, இடது கை அதன் கீழே போய், இரண்டும் சேர்ந்து நீண்டுவிட்டன. என் மேல் தப்பில்லை. எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் பட்டர் உத்தரணியில் எடுத்து ஊற்றும் தீர்த்தமும் அந்தச் சாம்பாரும் அளவில் அண்ணன் தம்பி. நிறத்திலும் பெரிய வித்தியாசமில்லை. பச்சைக் கற்பூர வாசனைதான் இல்லை. சப்ளையர் தம்பி திகைத்து நின்றார். நான் சமாளித்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்து முதல் இட்லியின் மேல் கவிழ்த்தேன். இட்லி நனையவில்லை. புரோட்சணம் ஆயிற்று.

இரண்டாவது இட்லிக்குச் சாம்பார் கேட்டேன்.

"எக்ஸ்ட்ரா சார். முப்பத்தஞ்சு."

தம்பிக்கு ஒடிசா. தமிழில் தாங்கள் அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்த வாக்கியம்தான் போலிருக்கிறது. வணக்கமெல்லாம் அடுத்த மாதப் பாடத்தில் வரும்.

பொது தரிசனம் இலவசம், சிறப்பு தரிசனம் முப்பத்தைந்து ரூபாய் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் மனக்கணக்கு என்று ஒரு கெட்ட பழக்கம் உண்டு. 2013இல் சென்னையில் அம்மா உணவகம் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய் என்று வைத்தார்கள், சாம்பாரோடு. தங்கள் ஒரு உத்தரணிக்கு அங்கே முப்பத்தைந்து இட்லி. திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கிய ரத்னா கபேயோ இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்தே பெயர் வாங்கிய கடை. அங்கே குவளையோடு வந்து ஊற்றுவார்கள். இட்லி எங்கே என்று நாம்தான் தேட வேண்டும். தங்களிடம் தேட வேண்டியது சாம்பாரை.

இந்தக் கணக்குகள் தலைக்கேறிய நேரத்தில், "உப்பும் இல்ல, பருப்பும் இல்ல, இதுக்கு எக்ஸ்ட்ரா வேறயா?" என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த அபச்சாரம். இந்தக் கடிதமே அதற்குப் பிராயச்சித்தம்.

டை கட்டிய சூப்பர்வைசர் வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே போனார். உப்பு கொண்டுவருவார் என்று நினைத்தேன். மனிதரைக் கொண்டுவந்தார்.

அறுபது வயதை நெருங்கிய ஒருவர். தலையில் வலைத் தொப்பி, தோளில் ஈரத் துண்டு, கை முழுக்க எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். சரக்கு மாஸ்டர். ஹால் நடுவில், என் மேஜைக்கு முன்னால், ஏழெட்டுக் குடும்பங்கள் பார்க்க, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். மூலவரை இப்படிப் பட்டப்பகலில் புறப்பாடு செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து மேஜைப் பையன் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தான்.

"சார் கம்ப்ளெயின்ட் சொன்னாரு. சொல்லுங்க சார்" என்றார் டை.

பதிலுக்குக் கும்பிட என் வலது கையில் வழியில்லை; விரலெல்லாம் இட்லி. இடது கையைத் தூக்கினேன், அது சலாம் போட்டமாதிரி ஆகிவிட்டது. எழுந்து நிற்கலாம் என்றால் மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே அடியேனின் தொப்பை மாட்டிக்கொண்டது. பாதி எழுந்து பாதி உட்கார்ந்த கோலத்தில், வாயில் இட்லியோடு, "தோசை ரொம்பப் பிரமாதம்" என்றேன். தோசை இன்னும் வந்திருக்கவில்லை.

மாஸ்டர் அதைக் கவனித்தார். உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"தோசை என்னுது இல்ல சார். அது தோசை மாஸ்டரு."

"சட்னி நல்லா இருந்தது."

"அது கேன்ல வருது."

"சாம்பார்…"

"அதுவும் கேன்லதான் சார். நாலு மணிக்கு வேன்ல வந்துரும்."

"அப்ப உங்களது எது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவரின் யோசனை.

"சூடு சார். சூடு மட்டுந்தான் என்னுது."

டை இருமினார். நானும் மாஸ்டரும் ஒரே நேரத்தில் "மன்னிச்சிடுங்க" என்றோம். யார் யாரை மன்னிப்பது என்று முடிவாகாமல் இருவரும் சிரித்துவிட்டோம். "சாருக்குச் சாம்பார் நல்லா இருக்குன்னு எழுதிக்கிடட்டுமா?" என்று டை கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டினார். மாஸ்டர் குறுக்கிட்டார்.

"நல்லா இல்ல சார். காலைல நானும் ஊத்தித் தின்னு பாத்தேன்லா."

நிர்வாகத்தாரே, தங்கள் நிறுவனத்தில் உண்மை பேசிய முதல் ஆளை எனக்கு முன்னால் நிறுத்திய பெருந்தன்மைக்கு நன்றி.

கை கழுவப் போனேன். வாஷ்பேசினுக்குப் பக்கத்திலேயே அந்தக் கதவு, அதில் 'அனுமதி இல்லை' பலகை. கர்ப்பக்கிருகம் என்றால் அப்படித்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குஜராத் அரசு 2019இல் உணவகச் சமையலறைக் கதவுகளிலிருந்து அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லி உத்தரவு போட்டது: சாப்பிடுகிறவன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கட்டுமாம். எப்பேர்ப்பட்ட நாத்திகம்! நான் பக்தன் என்பதால் வெளியிலேயே நின்று கை துடைக்கக் காகிதம் தேடினேன். கதவு ஒருக்களித்துத் திறந்தது.

"உள்ள வாங்க சார். டை மேல போயிருக்காரு."

போனேன். தங்கள் ஆகமத்தை மீறிய குற்றத்தை இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். வெங்காய மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவே ஒரு டம்ளர் நீட்டினார். வேலையாள்களுக்காக வைத்த மிளகு ரசம். பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டிருந்தார். ஒரு வாய் குடித்ததும் மூக்கு திறந்தது, பிறகு காது, பிறகு கண். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவன் அழுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

"ஊரு அம்பாசமுத்திரம் பக்கம் சார். மெட்ராஸ் வந்து முப்பத்தோரு வருசம். முன்னால நானே பருப்பு வேகவச்சு, சின்ன வெங்காயம் வதக்கி, மல்லி வறுத்து அரைச்சுப் போடுவேன். இப்ப சின்ன வெங்காயம் உரிக்க ஆளு இல்லன்னுட்டாங்க. பெரிய வெங்காயம், பரங்கிக்காய், பாக்கெட் பொடி. கேன்லேருந்து ஊத்திச் சுட வைக்கணும். கெட்டியாச்சுன்னா வெந்நி. ஆறிப்போச்சுன்னா திரும்பச் சூடு. மூணாஞ் சூட்டுல பருப்பு செத்துப்போயிரும் சார். உப்பு போடலாம்னா, போடக்கூடாதுன்னு பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கு."

ஒட்டித்தான் இருந்தது. ஆங்கிலத்தில்.

"சின்ன வெங்காயம் உரிக்க நீங்க வாரீயளா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் நிஜமாகவே யோசித்துவிட்டேன்.

இன்னொரு டம்ளர் ரசம் கேட்டேன். ஊற்றினார். "இதுக்கு எக்ஸ்ட்ரா?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பொடியன் ஒருவன் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு பில். தங்கள் திருவிளையாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஏசி ஓட்டலில் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி கட்டியவன் நான். 2017 நவம்பர் 15 முதல் அதை ஐந்தாக்கினார்கள். உள்ளீட்டு வரிக் கழிவு போய்விட்டது என்று தாங்கள் விலையை ஏற்றினீர்கள். வரி குறைந்தால் எதுவோ குறையும் என்று நானும் காத்திருந்தேன். கிண்ணம் குறைந்தது. இப்போது பில்லில் ஜிஎஸ்டிக்குக் கீழே 'உபசாரக் கட்டணம்' என்று புதிதாக ஒரு வரி. பதினாறு வகை உபசாரத்தில் எனக்கு எது நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சாமரம் வீசவில்லை, குடை பிடிக்கவில்லை. தீர்த்தம் மட்டும் கிடைத்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று, எந்தப் பெயரிலும் சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்றது. அது செல்லும் என்று தில்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. 'எந்தப் பெயரிலும்' என்று அவர்கள் எழுதும்போதே தாங்கள் பெயர் யோசித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

பணம் போகட்டும். முப்பத்தைந்து ரூபாயில் நான் ஏழையாகிவிடவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், இதற்கு மட்டும் பட்டு வஸ்திரம் போர்த்தாமல் கேட்கிறேன். அந்த மனிதர் சமைக்காத சாம்பாருக்கு அவரை எதற்கய்யா கையைக் கூப்பிக்கொண்டு நிற்கவைத்தீர்கள்? பருப்பைப் பிடுங்கினீர்கள், வெங்காயத்தைப் பிடுங்கினீர்கள், உப்பு ஜாடியைக்கூடப் பிடுங்கினீர்கள். பழி மட்டும் அவருக்கா? கேன் அனுப்பியவன் வரவில்லை. பேப்பர் ஒட்டியவன் வரவில்லை. கிண்ணத்தின் அளவைக் குறித்துக் கொடுத்தவன் எங்கோ ஏசி அறையில் காபி குடிக்கிறான். விடியற்காலை நாலு மணியிலிருந்து நிற்கிற கிழவர் வந்து நிற்கிறார். என் வாயால் அவரைத் திட்டவைக்கப் பார்த்தீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தச் சமையலறையில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2021இல் சட்டம் கொண்டுவந்த சேதி இன்னும் தங்கள் கோபுரத்தைத் தாண்டி உள்ளே வரவில்லையா?

அபச்சாரம், அபச்சாரம். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். மிளகு ரசத்தின் வேலை அது. பொறுத்தருள வேண்டும்.

அந்த மாஸ்டர் யார், எந்தக் கிளை என்று தாங்கள் விசாரணை வைக்க விரும்பலாம். வீண் சிரமம். தங்கள் கிளைகள் ஒவ்வொன்றிலும் தினம் யாராவது ஒரு மாஸ்டர் யாராவது ஒரு மேஜைக்கு முன்னால் இப்படி நிற்பதால், அடையாளம் காண்பது கடினம். அம்பாசமுத்திரமும் முப்பத்தோரு வருடமும் நான் மாற்றி எழுதியவை. பூண்டு மட்டும் நிஜம்.

தங்கள் சாம்பாரின் எதிர்காலம் குறித்தும் ஒரு யோசனை. திருப்பதி லட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல். தங்கள் தீர்த்தத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வேனில் பிறந்ததற்கு எந்த ஊரை எழுதுவது? காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மூங்கில் கூடையில் அவிக்கும் இட்லிக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே மதிலுக்குள் மடைப்பள்ளியும் பெருமாளும் இருக்கிறார்கள். வேகவைத்தவர் கை தெரியும், சாப்பிடுகிறவர் யார் என்பதும் தெரியும். தங்கள் கோயிலில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பலகை.

ஆகவே தங்கள் திருவடிகளில் மூன்று விண்ணப்பங்கள். உப்பு ஜாடியை மாஸ்டரிடம் திருப்பிக் கொடுங்கள். ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். இனிமேல் சாம்பாரைப் பற்றிப் புகார் வந்தால், அந்தக் கேனை மேஜைக்குக் கொண்டுவந்து கைகூப்பி நிறுத்துங்கள். நான் அதையே திட்டிக்கொள்கிறேன்.

இத்துடன் முப்பத்தைந்து ரூபாய் வைத்திருக்கிறேன். இரண்டாவது இட்லிக்கு நான் வாங்காமல் விட்ட சாம்பாரின் விலை. அதற்குச் சின்ன வெங்காயம் வாங்குங்கள். உரிக்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எனக்கு வேறு வேலை இல்லை. கண்ணும் ஏற்கெனவே பழகியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சன்னதியில் பாதி எழுந்து பாதி உட்கார்ந்த அடியவன்

பின்குறிப்பு: தங்கள் சாம்பார்க் கிண்ணம் ஒன்று தெரியாமல் என் சட்டைப் பையில் வந்துவிட்டது. அளவு அப்படி. திருப்பி அனுப்பலாம் என்று தேடினால் காணவில்லை. என் மனைவி அதைத் தேய்த்துப் பூஜை அறையில் பஞ்சபாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். "உத்தரணி கொஞ்சம் பெரிசா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். தங்கள் அளவு பெரியது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. தெரிவிக்காமல் இருக்க மனம் வரவில்லை.