லயத்துப் பீப்பாயும் தாமான் விதியும்

தோட்டத்து லயத்தில் வீடு எங்களுடையது இல்லை. கூரைத் தகரம், பலகைச் சுவர், முன்னால் இருந்த அஞ்சடி எல்லாமே நிர்வாகத்தின் சொத்து. அப்பாவுக்குப் பால்வெட்டு இருக்கும்வரைதான் அந்தக் கூரை. வேலை போனால் வீடும் போகும். ஆனாலும் அந்த வீட்டுக்குள் எப்படி வாழ்வது என்பதை அம்மாதான் தீர்மானித்தார். கூரை விளிம்பில் பிளந்த மூங்கிலைக் கட்டி மழைத் தண்ணீரைப் பீப்பாயில் இறக்கினார். மேற்கு வெயில் விழும் பக்கம் அவரைப் பந்தல் போட்டார். குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. முருங்கைக்கும் பசளைக்கும் கறிவேப்பிலைக்கும் யாரும் கடைக்குப் போனதில்லை. மலேசியாவின் செண்டாயான், மம்பாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

அந்தக் காய்கறிப் பாத்திக்குச் சட்டமும் துணை நின்றது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு சொன்னது. எத்தனை நிர்வாகம் ஒழுங்காக ஒதுக்கியது என்பது வேறு பேச்சு. மனிதன் வாழச் சுவரும் கூரையும் போதாது, கொஞ்சம் மண்ணும் வேண்டும் என்று அந்தக் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது.

லயத்தைச் சொர்க்கமாக்க எனக்கு விருப்பமில்லை. ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்தது. பொதுக் குழாயில் வரிசை, பொதுக் கழிவறையில் வரிசை. பலகைச் சுவர் வழியே பக்கத்து வீட்டுச் சண்டை முழுக்கக் கேட்கும். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் 1966இல் வந்தது. 1990இல் அதன் இடத்தில் 446ஆம் சட்டம் வந்தது. விதி இல்லாத இடத்தில் எளியவன் என்ன பாடுபடுவான் என்பதை அனுபவித்தவன் நான். அதனால் கட்டட விதிகளே வேண்டாம் என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியாது.

இன்று அந்தப் பக்கம் அடையாளம் தெரியவில்லை. கித்தாவும் செம்பனையும் நின்ற நிலத்தில் 5,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது பண்டார் ஸ்ரீ செண்டாயான். சுங்கை பீசியில் இருந்த ஆகாயப் படைத் தளமும் இங்கே வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கடன் வாங்கியாவது தாமானில் வரிசை வீடு வாங்கியிருக்கிறோம். பட்டாவில் எங்கள் பெயர் இருக்கிறது. எங்கள் அப்பாக்கள் கனவிலும் காணாதது அது.

என் வீட்டின் முன்புறம் சின்னதாக ஒரு கூரை இறக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அதற்கு வரைபடம் வேண்டும், ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும் என்று விளக்கினேன். அம்மா கேட்டார்:

“வீடு நம்ம பேர்லதானேப்பா இருக்கு? அப்புறம் யாரக் கேக்கணும்?”

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அனுமதியில்லாமல் வீட்டை நீட்டக் கூடாது. அதில் நியாயம் உண்டு. ஒருவர் வடிகாலை மூடிச் சமையலறையை நீட்டினால் பெருமழையில் அடுத்தடுத்த வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். வீட்டுப் பின்புறச் சந்து அடைபட்டால் தீயணைப்பு வண்டிக்கு வழியில்லை. பீப்பாயும் அப்படித்தான். மூடாமல் வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டிங்கி வரும். கொசு ஒழிப்புக்கென்றே 1975இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அடுத்தவரைத் தொடும் இடத்தில் என் சுதந்திரம் அடங்கித்தான் ஆக வேண்டும்.

என் ஆதங்கம் வேறு. 1995இல் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் சேர்த்த பிரிவுப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரத்தை வெட்ட எழுத்து மூலமான அனுமதி வேண்டும். நல்ல சட்டம், மனதார ஆதரிக்கிறேன். ஆனால் தோட்டம் தோட்டமாக மரங்கள் சாய்ந்த பிறகு, வாசலில் நான் வைக்கும் ஒற்றை மாமரத்தைக் காப்பது மட்டும் போதுமா? மரங்களை எங்கே விடுவது, வீடு எந்தத் திசை பார்க்க வேண்டும், எவ்வளவு மண்ணுக்கு சிமெண்டு பூசுவது எல்லாம் நான் சாவி வாங்கும் முன்பே முடிவாகிவிட்டன. 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகள் அறையின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு சன்னல் வேண்டும், அதில் பாதியளவாவது காற்று தடையின்றி வரும் திறப்பு வேண்டும் என்கின்றன. வரிசையின் நடுவே இருக்கும் வீட்டுக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் சன்னல் வைக்க முடியும். அளவு சரியாகத்தான் இருக்கும், காற்று மட்டும் குறுக்கே ஓடாது. பிறகு அறைக்கு ஒரு குளிரூட்டி மாட்டுகிறோம்.

1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த பிறகுதான் அரசு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது, 1999இல். அம்மாவின் மூங்கில் குழாய் செய்த வேலைதான் அது. அதைக் கட்டும்போதே கட்டாயமாக்கினால் கட்டுபவருக்குச் சிறு செலவு. பிறகு ஒவ்வொரு குடும்பமும் உடைத்துச் செய்தால் பல மடங்கு. எனவே பெரிய கடமை ஆயிரம் வீடு கட்டுபவருக்கு, சிறிய கடமை ஒரு வீட்டில் வாழ்பவருக்கு என்று விதி பிரிய வேண்டும். மூடியுள்ள தண்ணீர்த் தொட்டி, கொடிப் பந்தல், நிழல் தட்டி போன்றவற்றுக்கு மன்றமே மாதிரி வரைபடம் தரலாம். அதன்படி செய்பவருக்குத் தனி அனுமதி எதற்கு?

உள்ளூராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள், அவர்களிடம் வாக்குச்சீட்டால் நாம் பேச முடியாது. ஆனால் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அடுத்த வரைவு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். உங்கள் தாமானுக்கு நிழலும் காற்றும் மழைத்தொட்டியும் எங்கே என்று எழுதிக் கேளுங்கள்.