மாசக் கடைசி அன்னபூரணி

தேதி இருபத்தைந்தைத் தாண்டியதும் தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பக்தி பெருகிவிடும். இருபதாம் தேதி வரை கோழி தின்ற வீட்டுக்குத் திடீரென்று சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் எல்லாம் ஞாபகம் வரும். "என்னடி, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கறி வாசனையே காணோம்?" என்று பக்கத்து வீட்டிலிருந்து விசாரணை வந்தால், "இந்த வாரம் விரதம்க்கா" என்று பதில் போகும். எந்தச் சாமிக்கு என்று யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கேட்டவர் வீட்டு அடுப்பிலும் அன்றைக்குக் கத்தரிக்காய்தான் கொதிக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அசைவம் சாப்பிடும் மாநிலத்தில் கடைசி வாரம் மட்டும் இத்தனை வீடுகள் சைவமாவதற்கு வள்ளலாரைப் பொறுப்பாக்க முடியாது. சம்பளம் ஒன்றாம் தேதிதான் வரும் என்பதே காரணம். இந்த மதமாற்றத்தை மாதந்தோறும் சத்தமில்லாமல் நடத்திவைப்பவருக்கு மாசக் கடைசி அன்னபூரணி என்று பெயர் சூட்டலாம். (தினக்கூலி வீடுகளை இதில் சேர்க்கவில்லை. அங்கே இருபத்தைந்தாம் தேதி எந்த நாளிலும் வரும். அதை வைத்துச் சிரிக்க ஒன்றுமில்லை.)

ஊர் இவரைக் கஞ்சப்பிசினாறி என்கிறது. சாட்சியங்களும் இல்லாமல் இல்லை. காலையில் காய் வாங்க மாட்டார். இருட்டுகிற நேரத்துக்குத்தான் சந்தைக்குப் போவார். அப்போதுதான் வியாபாரி மிச்சத்தைக் கூறு கட்டியிருப்பார். கூறில் அடியில் கிடக்கும் சொத்தைக் கத்தரிக்காயைக் கண்டுபிடித்து வெளியே எடுத்து வைப்பார், அதற்கு ஈடாக ஒரு நல்ல காயைக் கேட்பார், கடைசியில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக வாங்காமல் இடத்தைவிட்டு அசைய மாட்டார். பீர்க்கங்காயின் தோலைச் சீவித் துவையலாக்குவார், சதையைக் கூட்டாக்குவார். வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரைத்தண்டு, முள்ளங்கிக் கீரை என்று மற்றவர் வீட்டுக் குப்பைக்கூடைக்குப் போவதெல்லாம் இவர் வீட்டில் பொரியலாக வந்து உட்காரும். ஆனால் இதே அம்மாள் மளிகைக் கடையில் பெருங்காயம் வாங்கும்போது கவனித்துப் பாருங்கள். மலிவான டப்பாவைக் கடைக்காரர் நீட்டினால் முகர்ந்துகூடப் பார்க்காமல் திருப்பித் தள்ளுவார். விலை கூடிய கட்டிப் பெருங்காயம்தான் வேண்டும். அரை ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர், ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் செடியின் வேரைக் கீறி வடித்த பிசினுக்குக் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறார். கஞ்சத்தனம் என்ற ஒரே விளக்கம் இந்த இரண்டையும் சேர்த்து விளக்காது.

விளக்கம் அரிசியில் இருக்கிறது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஆகவே வயிற்றை நிரப்புவது இந்த வீட்டில் செலவுக் கணக்கிலேயே வராது. அந்தச் சோற்றைத் தொண்டைக்குள் இறக்குவதுதான் செலவு. மற்றவை எல்லாம் சோற்றை ஏற்றிச் செல்லும் வண்டி. இதைத் தெரிந்துகொண்டதில்தான் அன்னபூரணியின் மூளை இருக்கிறது. அளவில் நிறைய வரும் பொருளுக்கு அவர் காசு கொடுக்க மாட்டார். துளி போட்டால் ஒரு குண்டான் சோறு காலியாகும் பொருளுக்குத் தயங்காமல் கொடுப்பார். புளியை அவர் கையாளும் விதமே போதும். மாசி பங்குனியில் புதுப்புளி வரும்போது மொத்தமாக வாங்கி, கொட்டை நீக்கி, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்தது அது. அதில் எலுமிச்சை அளவு எடுத்து வெந்நீரில் ஊறவைப்பார். முதல் கரைசல் கெட்டியாக இறங்கும். அது சித்திரை வெயிலில் மோரில் ஊறிக் காய்ந்த சுண்டைக்காய் வற்றலோடு சேர்ந்து வத்தக்குழம்பாகும். சக்கையில் இன்னொரு தம்ளர் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் ரசத்துக்கு ஆயிற்று. இனி அதில் ஒன்றும் இல்லை என்று நாம் நினைக்கும்போது அந்தச் சக்கை குத்துவிளக்கு தேய்க்கப் போகும். தாளிப்பிலும் அதே கணக்கு. அப்பளம் பொரிக்க ரேஷன் பாமாயில். குழம்பு இறக்கும்போது மேலே விட ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். வாசனை மேலேதானே இருக்கிறது!

இந்தக் கணக்கு சரியா என்பதற்குச் சந்தையே அவ்வப்போது பரீட்சை வைக்கும். 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஓடியது. எகிப்து வெங்காயம் கோயம்பேட்டில் வந்து இறங்கியது. 2023 ஜூலையில் அந்தக் கௌரவம் தக்காளிக்குக் கிடைத்தது. அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. தக்காளியை அரைத்து ஊற்றிக் குழம்பைக் கூட்டிக்கொண்டிருந்த வீடுகள் அந்த மாதம் தத்தளித்தன. அன்னபூரணியோ ஜாடியைத் திறந்து இன்னும் கொஞ்சம் புளி எடுத்தார், அவ்வளவுதான். எலுமிச்சை ரசம், மோர்க்குழம்பு, மிளகு குழம்பு என்று அவரிடம் இருக்கும் பட்டியலில் பாதிக்குத் தக்காளியே வேண்டாம். புளிப்பு எங்கிருந்து வந்தால் என்ன?

புளியும் பெருங்காயமும் உடம்பில் ஒட்டுமா என்று சத்துணவு தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாதிப் பதில் அவரிடம் தயாராக இருக்கிறது. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு வருகிறது; 2015 இறுதியில் வெளிச்சந்தையில் இதே பருப்பு 200 ரூபாயைத் தொட்டது என்பதை நினைத்தால் அது பெரிய ஆறுதல். நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிற அந்தப் பருப்பை அவர் ஒருநாள் உசிலியாக்குவார், ஒருநாள் உருண்டை பிடித்துக் குழம்பில் போடுவார், ஒருநாள் வறுத்துத் துவையலாக அரைப்பார். இடையிடையே கொள்ளு ரசமும் காராமணிக் குழம்பும் உண்டு. மீதிப் பாதிக்கு அவரிடம் பதில் இல்லை. உருண்டைகள் எண்ணிப் போடப்பட்டவை. வீட்டுக்காரருக்கு நாலு, பிள்ளைகளுக்கு மும்மூன்று என்று பரிமாறிவிட்டுக் கடைசியில் அவர் உட்காரும்போது குழம்புதான் மிஞ்சும். "எனக்கு உருண்டை பிடிக்காது" என்பார். முதல் வாரத்துக் கோழியிலும் அவருக்குக் கழுத்துதான் பிடிக்கும் என்பதைப் பார்த்தால், இந்தப் பிடித்தம் பிடிக்காமை எல்லாம் கரண்டியின் போக்கைப் பொறுத்தவை என்று தெரியும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு மறுபடி மறுபடி சொல்வதை அவருடைய சாமர்த்தியத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளிருந்து வரும் ஆட்சேபம் வேறு மாதிரி. மீல்மேக்கரைக் கறி மசாலாவில் புரட்டி வைப்பதும், வாழைக்காயை மீன் துண்டு போல நறுக்கி மிளகாய்த்தூள் தடவி வறுப்பதும் பித்தலாட்டம் என்று மகன் சொல்லுவான். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வான். ஏமாந்தவன் யாரும் அந்தத் தட்டில் இல்லை. பட்டையும் சோம்பும் வதங்கும் வாசனைக்குச் சோறு இறங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கறி போனாலும் மசாலா போகக்கூடாது என்பதுதான் இங்கே சட்டம். சைவம் என்றால் சப்பென்றிருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தக் காலத்தில் யாருக்கு இதற்கெல்லாம் நேரம் என்றொரு கேள்வி உண்டு. பத்து நிமிடத்தில் காய் வீட்டு வாசலுக்கு வருகிறதே. வருகிறது, ஆனால் கூறு கட்டி வருவதில்லை, சாயங்கால விலைக்கும் வருவதில்லை. அலுவலகம் போய்வரும் பெண்ணுக்குச் சந்தையில் நின்று பேரம் பேச நேரமில்லை என்பது நியாயமான பேச்சு. ஆனாலும் கொசுறு இல்லாத வியாபாரத்தை நம்மவர்கள் அவ்வளவு எளிதில் விடுவதாக இல்லை. மும்பையில் ஒருவருடைய அம்மா, கொத்தமல்லிக்கும் காசா என்று அதிர்ந்துபோனதை மகன் எக்ஸ் தளத்தில் எழுத, 2024 மே மாதம் பிளிங்கிட் நிறுவனம் காய்கறி வாங்கினால் கொத்தமல்லி இலவசம் என்று இறங்கிவந்தது. நம்ம ஊர் அன்னபூரணியிடம் இந்தச் செய்தியைச் சொன்னால் அசர மாட்டார். "கறிவேப்பிலை?" என்று கேட்பார்.