வண்டிமாற்றியல்: ஒரு முன்னாய்வு

புதுச்சேரியின் வில்லியனூர்க் கொம்யூனில் வசிக்கும் ஒருவர் (இனி, ஆய்வாளர்), பாகூர்க் கொம்யூனில் வசிக்கும் தம் பால்ய நண்பரோடு (இனி, எதிர்த்தரப்பு), காசு எதுவும் கைமாறாமல், தம் ஓட்டைக் காரைக் கொடுத்துவிட்டு அவருடைய ஓட்டைக் காரை வாங்கிக்கொள்ளலாமா? தமிழில் இதுவரை எவரும் ஆராயாத பொருள் இது. இந்த வாக்கியம் இல்லாத ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திறந்தும் பார்ப்பதில்லை என்பதால் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

ஆய்வெல்லை: இவ்விரு கொம்யூன்கள் மட்டும். வழியில் தமிழ்நாடு தலைகாட்டும் இடங்களில் கார் நின்றுபோனால் அது வேறு மாநிலத்துப் பிரச்சினை, சேர்க்கப்படவில்லை.

முன்னோர் மொழி

பண்டமாற்று நமக்குப் புதிதல்ல. பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொடுத்தவர்கள் மீன்நெய்யும் நறவும் வாங்கிப் போகிறார்கள். வாங்கியவர் மீன்நெய்யை மூடி திறந்து மோந்து பார்த்தாரா என்ற இன்றியமையாத வினாவை இன்றுவரை எந்தக் கருத்தரங்கும் எழுப்பவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் கொஞ்சம் தேவலை. அதன் 120ஆம் பிரிவின்படி, பரிவர்த்தனை செய்கிறவர் தாம் கொடுக்கும் பொருளைப் பொறுத்தவரை விற்பவர், வாங்கும் பொருளைப் பொறுத்தவரை வாங்குபவர். ஆக, ஒரே பிற்பகலில் ஏமாற்றவும் ஏமாறவும் எனக்குச் சட்டப்படி இடம் உண்டு.

பழைய கார்ச் சந்தையை வைத்து 1970இல் கட்டுரை எழுதியவர் ஜார்ஜ் அகர்லாஃப். விற்பவருக்குப் பழுது தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லாரும் விலையை அடித்துக் கேட்பார்கள், நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார் என்றார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. அற்ப விஷயம் என்பது அவற்றில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2001இல் அவருக்கு நோபல் கிடைத்தது. என் கட்டுரையும் அற்பம் என்று சொல்லப்படுவதால் இத்தகவலைச் சேர்க்கிறேன்.

ஆனால் அகர்லாஃபின் கோட்பாடு பாகூரில் செல்லாது. எதிர்த்தரப்பின் காரை நான் தள்ளியிருக்கிறேன். என் காரை அவர் தள்ளியிருக்கிறார். தள்ளியவனுக்குத் தெரியாத பழுது கிடையாது. அப்படியும் மாற்றத் தோன்றுவது ஏன் என்பதுதான் சிக்கல். சொந்தப் பழுது அலுத்துவிடுகிறது. அடுத்தவர் பழுதில் ஒரு புதுமை இருக்கிறது. என் கூற்று இதுவே. மற்றதெல்லாம் பக்கத்தை நிரப்ப.

நிறவியல்

இரண்டும் வெள்ளை.

புகையியல்

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு சீல் போயிற்று. கறுப்புப் புகை வந்தால் டீசல் முழுக்க எரியவில்லை. வெள்ளைப் புகை காலை முதல் ஸ்டார்ட்டில் வந்து அடங்கினால் பனி ஈரம். வண்டி சூடான பிறகும் தித்திப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் உள்ளே இறங்குகிறது, ஹெட் கேஸ்கெட் வேலை. ஆயில் மூடியைத் திருகி உள்பக்கம் பார்க்க வேண்டும். என்னுடையதில் பால் காபி நிறத்தில் வழவழப்பாக ஒரு படலம் விரலில் ஒட்டியது. எதிர்த்தரப்பு அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் காரின் நீலப் புகையைக் காட்டினார். நாகரிகமான மனிதர்.

ஒலியியல்

இந்த இயலுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. கார் மெக்கானிக்கின் முதல் கேள்வி எப்போதும் இலக்கணக் கேள்வி.

"சத்தம் எப்படி சார் வருது?"

"கடகடன்னு."

"கடகடவா, லொடலொடவா?"

"ரெண்டும் இல்லண்ணே," என்றார் எதிர்த்தரப்பு. "கடக்... கடக். நடுவுல கேப் இருக்கு."

இரட்டைக்கிளவியை இலக்கணிகள் பள்ளிக்கூடத்தில் அடைத்துவைத்துவிட்டார்கள். அது உண்மையில் பட்டறையின் நோயறி கருவி. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டக்டக்' எனில் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். வேகத்தடையில் 'டொக்' எனில் லோயர் ஆர்ம் புஷ். காலையில் 'கீச்' எனில் ஃபேன் பெல்ட். வேகம் கூடக் கூட ஒரு 'ஊ...' சேர்ந்து ஏறினால் வீல் பேரிங். 'லொடலொட' எனில் ஒன்றுமில்லை, ஏதோ ஒரு தகடு. ஆனால் அதற்குத்தான் தூக்கம் போகும்.

எதிர்த்தரப்பின் காரில் மூன்றாம் கியரில் வரும் ஒலி குறித்து அறிஞரிடையே இரு கொள்கைகள் நிலவுகின்றன. கடகடக் கொள்கையர், கோளாறு கியர் பாக்ஸில் என்பர் (வில்லியனூர்ப் பட்டறை வாய்மொழி, முதல் பெஞ்சு). லொடலொடக் கொள்கையர், சைலன்சர் கிளாம்ப் என்பர் (மேற்படி பட்டறை, எதிர்ப்பெஞ்சு, டீ வருவதற்கு முன்). இரண்டையும் மறுத்து, 'அது வண்டியின் இயல்பு' என்று நிறுவும் மூன்றாம் கொள்கை ஒன்றும் உண்டு (மேற்படி, டீ வந்த பின், பட்டறைச் சுவரில் ஆணியால் கீறிய படத்துடன், படத்தின் கீழ்ப்பாதி பொங்கல் வெள்ளையடிப்பில் மறைந்தது, பாடபேதம், ஸ்பேனர் மாட்டும் பலகைக்குப் பின்னால், அப்பலகையை அகற்ற உரிமையாளர் இசைவு தராமையால் நேரில் காணப்படவில்லை). மறைந்த பகுதி என் கொள்கையையே ஆதரிக்கிறது என்பது என் துணிபு. கிடைக்காத நூல்களை வைத்துக் கிடைத்த நூல்களின் காலத்தைக் கணிக்கும் பேரறிஞர்கள் வகுத்த வழி இது. நான் பின்பற்றுகிறேன், அவ்வளவுதான்.

மெக்கானிக் ஏறி உட்கார்ந்ததும் ஒலி நின்றுவிட்டது. ஒலிகளுக்கு இப்படி ஒரு கூச்சம் உண்டு.

இங்கே பவணந்தி முனிவரை அழைக்க வேண்டும். நன்னூலில் அவர் பட்டியலிட்ட பத்துக் குற்றங்கள் நூலுக்கு உரியவை என்றே எல்லாரும் படித்துவந்திருக்கிறோம். அவை காருக்கு வகுக்கப்பட்டவை. 'கூறியது கூறல்' எங்கள் இருவரின் செல்ஃப் மோட்டார். 'மயங்க வைத்தல்' பெட்ரோல் முள்: கால் டேங்க் என்று காட்டிக்கொண்டே நின்றுவிடும். 'மற்றொன்று விரித்தல்' எதிர்த்தரப்பின் காரில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் எழுந்து ஒரு வீச்சு வீசுவது. 'சென்று தேய்ந்து இறுதல்' என் கார், பாலத்து ஏற்றத்தில், ஏ.சி. போட்டிருந்தால். 'நின்று பயனின்மை' அவருடைய கார், கோடை முழுக்க, வேப்பமரத்தடியில். பத்தில் ஒன்பது குற்றமும் ஒருங்கே அமைந்து, அட்டை கட்டி, பொன்னெழுத்து பொறித்து நூலகத்தில் நிற்கும் ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு எஃப்.சி. கொடுத்தவர்கள் இன்னும் பணியில் இருப்பதால் பெயர் வேண்டாம்.

உந்தியல்

தள்ளி ஸ்டார்ட் செய்வது குறையா? வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்தே ஆட்சித் தலைவர் வடம்பிடித்துத் தொடங்கிவைப்பது வழக்கம். தானாக நகராத வண்டியை இவ்வூர் ஒருபோதும் இழிவாக நினைத்ததில்லை.

அகழாய்வு

பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தோண்டிய மார்ட்டிமர் வீலர், உடைந்த பானையோடுகளை வைத்து ரோமாபுரி வரை போனார். எதிர்த்தரப்பின் பின்சீட்டுக்கு அடியில் எனக்குக் கிடைத்தவை: வேர்க்கடலைத் தோல், ஒற்றைக் குழந்தைச் செருப்பு, ஒரு டோல்கேட் ரசீது. இவற்றை வைத்து அவர் திண்டிவனம் வரை போனதைக்கூட என்னால் நிறுவ முடியவில்லை, மை அழிந்திருந்தது.

முன்னுதாரணவியல்

பெரிய மனிதர்கள் மாற்றிக்கொண்டதை ஆராய்ந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் சென்னையைப் பிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே வட அமெரிக்காவில் அவர்களுடைய லூயிஸ்பர்க் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. 1748 உடன்படிக்கையில் சென்னையைக் கொடுத்து லூயிஸ்பர்க்கைத் திரும்ப வாங்கினார்கள். யாரும் டெஸ்ட் டிரைவ் கேட்கவில்லை. பத்தே ஆண்டில் லூயிஸ்பர்க் மறுபடி ஆங்கிலேயரிடம் போயிற்று. 1761இல் புதுச்சேரியும் போனது. இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, 1763 பாரீஸ் உடன்படிக்கையின்படி திருப்பிக் கொடுத்தார்கள். சேசிஸ் மட்டும் தேறியது.

பாகூர்ச் செப்பேட்டையும் விடவில்லை. பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த ஆவணம் அது. கொடுத்ததன் எல்லையைச் செம்பில் வெட்டிவைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர்களுக்கு நண்பர்களைப் பற்றி நல்ல தெளிவு இருந்திருக்கிறது.

உறவியல்

அந்நியரிடம் வாங்கிய கார் நடுவழியில் நின்றால் வாயாரத் திட்டலாம். நண்பரிடம் வாங்கியது நின்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடும்போது "வண்டி எப்படி மச்சான் ஓடுது?" என்பார். "சூப்பரா ஓடுது" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். கொடுத்த காரும் கண்ணைவிட்டுப் போகாது. வில்லியனூர் சந்திப்பில் ஒருநாள் புது சீட் கவரோடு, ஒரு சத்தமும் இல்லாமல், நம்மைத் தாண்டிப் போகும். பரிவர்த்தனையில் நாம் இழப்பது கார் அல்ல, குறைசொல்லும் உரிமை.

ஆவணவியல்

1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். புதுச்சேரி இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று சாவி கைமாறியது. ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 1956 மே 28. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16. கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் வண்டி ஒருவரிடம், ஆர்.சி. புக் இன்னொருவர் பெயரில். இரண்டு அரசுகளுக்கு இது தாங்கும். தனிமனிதருக்கு மோட்டார் வாகனச் சட்டம் விட்டுவைத்திருப்பது பதினான்கு நாள். அதற்குள் கைமாறியதைத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இவ்வளவையும் படித்துக்காட்டியபோது எதிர்த்தரப்பு, "நமக்குள்ள என்ன மச்சான் பேப்பரு?" என்றார். இந்த ஆய்வு முதலிலிருந்தே அஞ்சிக்கொண்டிருந்த வாக்கியம் அதுதான்.

நீண்ட விவாதத்துக்குப் பின் எட்டப்பட்ட முடிவுகள்: 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்தான பிறகே சாவி. டேஷ்போர்டு பிள்ளையார் என்னோடு வந்துவிடுவார். அவருடைய வேளாங்கண்ணி மாதா அவரோடு. ஸ்டெப்னி அந்தந்த வண்டியோடு போகும். ஜாக்கி இரண்டு கார்களுக்கும் சேர்த்து ஒன்றுதான் இருக்கிறது. அது தன்னுடையது என்று இரு தரப்பும் பட்டறைச் சாட்சிகளோடு வாதிடுகின்றன. நல்கை ஏதேனும் கிடைத்தால் அதைப் பற்றி இரண்டாம் தொகுதி வரும்.